தற்செயலாய் வந்த இனிப்புப் பெட்டி

கறி சாப்பிடப் போகலாமா என்று கதவுக்கு வெளியே நின்று கேட்டதற்கு உள்ளேயிருந்து "சரி" என்று பதில் வந்ததும் நோரியேவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொண்டுவந்த சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கதவிடம் அவள் கேட்காதது இல்லை. பல் டாக்டரிடம் போகலாமா, செர்ரி பூத்திருக்கிறதே ஆற்றங்கரை வரைக்கும் வருகிறாயா, முன்னோர் கல்லறைக்காவது வந்து ஒரு ஊதுபத்தி ஏற்றக்கூடாதா என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். பதில் வந்தால் "வேணாம்" என்று வரும். பெரும்பாலும் அதுவும் வராது.

மனசு மாறிவிடப் போகிறதே என்று அவசர அவசரமாக, "அப்போ வியாழக்கிழமை போலாமா?" என்றாள்.

"வியாழக்கிழமை அந்தக் கடை லீவு. வெள்ளிக்கிழமை போலாம்."

மேஜையிலேயே கறி சுட்டுச் சாப்பிடும் கனேமோட்டோ கடைக்குக் காலங்காலமாகத் திங்கட்கிழமைதான் விடுமுறை. அது வியாழனுக்கு மாறியது நோரியேவுக்கே தெரியாது. போனில் பார்த்திருப்பான், இப்போது எல்லாம் போனில்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். அந்த இடத்தில் அவள் கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். சந்தோஷம் வந்தால் யாருக்குத்தான் யோசிக்கத் தோன்றுகிறது?

கதவுக்கு உள்ளே இருந்தது அவள் ஒரே மகன் ரியோஹே. வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. படிப்பு முடித்ததும் ஒரு விற்பனைக் கம்பெனியில் சேர்ந்தான். அங்கே நாள்தோறும் எல்லார் முன்னாலும் நிற்க வைத்துத் திட்டினார்களாம். ஒரு நாள் காலையில் ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தவன், எழுந்து தெருவுக்குப் போகாமல் மாடிக்குப் போனான். நாலு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் விட்டார்கள். அந்த நாலு நாள் இருபது வருஷமாகிவிட்டது. ஊர் கண் விழிக்கும் முன்பு எப்போதாவது அவன் ஓசையில்லாமல் இறங்கி வெளியே போய்வருவதுண்டு. படியின் முனகல் காதில் விழும். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருப்பாள் நோரியே. தெரிந்துவிட்டது என்று தெரிந்தால் அதையும் நிறுத்திவிடுவானோ என்ற பயம் அவளுக்கு.

இத்தனை வருஷம் ஓட்டியாகிவிட்டது. ஆனால் இனி ஓட்ட முடியாது. அப்பா தெய்ஜிக்கு நுரையீரலில் புற்று வந்துவிட்டது. அடுத்த புத்தாண்டுக்கு அரிசிக் கொழுக்கட்டை சாப்பிட அவர் இருப்பாரா என்று கேட்டதற்கு டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினார். மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் அவனுக்கு ஒரு வழி செய்துவிட்டு, அப்புறம் சொல்லலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்திருந்தார்கள். அவர் போய், அவளும் ஒரு நாள் போய்விட்டால், அந்தக் கதவுக்கு வெளியே தட்டு வைக்க ஆள் கிடையாது. நோரியேவுக்கு உலகத்தில் இருந்த ஒரே கவலை அதுதான்.

வழி என்று தெய்ஜி கண்டுபிடித்தது இவாகியை. தெய்ஜி பட்டறையில் மேஸ்திரியாக இருந்தபோது அவரிடம் திட்டு வாங்கித் தொழில் கற்றவர் இந்த இவாகி. இப்போது கால்வாய்க்கு அந்தப் பக்கம் போல்ட் நட்டு செய்யும் பட்டறை ஒன்றுக்குச் சொந்தக்காரர். விஷயத்தைக் கேட்டதும், அண்ணன் பையன் எனக்கும் பையன்தான், அனுப்புங்கள் என்று கண் கலங்கிவிட்டார். ஆனால் "வேலை பார்த்து வைத்திருக்கிறோம், போ" என்று ரியோஹேயிடம் நேராகச் சொல்ல முடியுமா? முகம் சுருங்கிவிடும். எங்கள் ஊரில் ஒருவருக்கு நல்லது செய்வதென்றாலும் கொல்லைப்புறமாக வந்துதான் செய்வோம். தெய்ஜி போட்ட திட்டம் இதுதான்: குடும்பமாகக் கறி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், இவாகி தற்செயலாக அங்கே வருவார், பேச்சோடு பேச்சாகப் பட்டறையில் ஆள் பஞ்சம் என்று சொல்லுவார், தம்பி சும்மா வந்து பாரேன் என்பார். யாருக்கும் நோகாது.

நோரியேவுக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் மீன் கடை மூலையில் நின்று இவாகிக்குப் போன் செய்தது அவள்தான். கடைசியில் குளிர்ந்த நூடுல்ஸ் வரும் நேரம் பார்த்து வாருங்கள், ஆறு மணிக்கு மேலே வந்தால் சரியாக இருக்கும் என்று சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மாலை மூன்று பேரும் கிளம்பினார்கள். ரியோஹே அப்பாவின் பழைய கோட்டைப் போட்டிருந்தான். தோள் பட்டை இறுக்கிப் பிடித்தது. சட்டையில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. தலைமுடியைத் தானே வெட்டிக்கொண்டிருந்தான், பின்பக்கம் எலி கடித்த மாதிரி இருந்தது. இருவருக்கும் பின்னால் தள்ளித் தள்ளியே நடந்தான். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவானோ என்று நோரியே கழுத்தைத் திருப்பாமலே நடந்தாள், காது மட்டும் அவன் செருப்புச் சத்தத்தில் இருந்தது.

கனேமோட்டோ கடை ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. உத்தரம், சுவர், கடிகாரம் எல்லாவற்றிலும் புகையும் கொழுப்பும் ஏறிக் கறுத்துப்போன கடை. மேலே ரயில் போனால் சாஸ் கிண்ணங்கள் நடுங்கும். வாசலிலேயே கோட்டைக் கழற்றிப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு வாரத்துக்குக் கறி வாடை போகாது. கடையை நடத்தும் கனேமோட்டோ அம்மா பை நீட்டியபோது ரியோஹேயின் முகத்தை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்து, "வாங்க, உள்மேஜை காலியா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருஷம் கழித்துப் பார்க்கிறாள், திகைக்கத்தான் செய்வாள் என்று நோரியே நினைத்துக்கொண்டாள். வேறெதுவும் கேட்காமல் விட்டாளே என்று மனசுக்குள் நன்றியும் சொன்னாள்.

ரியோஹே சமையலறையைப் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தான். கனல் போட்ட மண் அடுப்பு வந்தது, மேலே கம்பி வலை வந்தது. நாக்கும் விலாக்கறியும் குடலும் கிம்ச்சி ஊறுகாயும் கொண்டுவரச் சொன்னார்கள். தெய்ஜிக்கு ஒரு பீர். டாக்டர் கூடாதென்று சொன்னதுதான், ஆனால் இன்றைக்கு மட்டும் நோரியே கண்டுகொள்ளவில்லை.

கறிக் கடையில் தெய்ஜியைப் போல ஒரு சர்வாதிகாரி கிடையாது. முதலில் உப்புப் போட்ட நாக்கு, அப்புறம்தான் விலா, குடல் கடைசி. அவர் சொல்லாமல் ஒரு துண்டைப் புரட்டினால் மேஜையில் பூகம்பம். ரியோஹே பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது இதே மேஜையில் அவசரப்பட்டுப் புரட்டி விரலில் அடி வாங்கியிருக்கிறான். அப்படிப்பட்ட மனிதர் இடுக்கியை எடுக்கக் கை நீட்டியபோது ரியோஹே, "அப்பா, நான் சுடட்டுமா?" என்றான்.

தெய்ஜி கையை இழுத்துக்கொண்டார். இரண்டு முறை இருமினார். "தீய விட்டே, தெரியும் சேதி" என்றார். அவர் குரலே அவருக்குப் பிடிபடவில்லை.

ரியோஹே நன்றாகச் சுட்டான். நெருப்பு எங்கே கூடுதல், எங்கே குறைவு என்று பார்த்துப் பார்த்துத் துண்டுகளை நகர்த்தினான். வெந்ததை முதலில் அம்மா தட்டிலும் பிறகு அப்பா தட்டிலும் வைத்தான். நோரியே அதை வாயில் போட்டாள். ருசி தெரியவில்லை. புகை கண்ணில் படுகிறது என்று சொல்லிக் கைத்துண்டால் துடைத்தாள். புகை நிஜமாகவே இருந்ததால் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வலை கறுத்ததும் ரியோஹே கையைத் தூக்கி வேறு வலை கேட்டான். அவன் இன்னொரு மனிதரைக் குரல் கொடுத்துக் கூப்பிட்டதை நோரியே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பழைய வலையைக் கனேமோட்டோ அம்மா எடுத்துப் போனபோது அவன் கண் அதன் பின்னாலேயே சமையலறை வரைக்கும் போயிற்று.

"இந்த வலையையெல்லாம் எப்படிக் கழுவுறாங்க தெரியுமா?" என்றான் அவன். "சுடுதண்ணியில சலவை சோடா கலந்து ஊறப்போடணும். அவசரப்பட்டுத் தேய்ச்சா கம்பி வளைஞ்சிரும். நல்லா ஊறினப்புறம் குறுக்கால தேய்க்காம, கம்பி போற திசையிலயே தேய்க்கணும். அப்போ ஒட்டிக் கருகினது தானா உரிஞ்சு வந்துரும்."

இருபது வருஷத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அது. ஒரு வலையைப் பற்றி. தெய்ஜி பீரை உறிஞ்சிவிட்டு, "அதைத் தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப்போகுது, கறியைக் கவனி" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கு ஆறு மணி எப்போது ஆகும் என்பதிலேயே மனசு இருந்தது. பாவி மனுஷன், அந்த ஒரு வார்த்தையை விழுங்கியிருக்கலாம்.

ரியோஹே அதற்கும் சிரித்தான். விலாக்கறியைப் பரப்பினான். இடுக்கியைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தான். இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் சின்ன வயதில் மார்க் குறைந்த காகிதத்தைக் காட்டுவதற்கு முன்னால் அப்படித்தான் உட்காருவான்.

"அம்மா, அப்பா. உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நான் வந்து..."

அந்த நேரம் பார்த்து வாசல் கதவு தடதடவென்று நகர்ந்தது.

ஆறு மணிக்கு மேலே வரச்சொன்ன இவாகி கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு முன்னால் போய் நிற்பதுதான் மரியாதை என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது யாருமல்ல, மேஸ்திரி தெய்ஜிதான். நல்ல சாம்பல் நிற சூட் போட்டிருந்தார். சவரம் புதிது.

"அடடே, அண்ணே! நீங்களா? என்ன ஒரு ஆச்சரியம். இந்தப் பக்கம் சும்மா வந்தேன்" என்றார், மனப்பாடம் செய்த பாட்டை ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

தெய்ஜியும் அதைவிட மோசமாக ஆச்சரியப்பட்டார். நோரியே தலையைக் குனிந்து வணங்கினாள். ரியோஹே சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பெரிய மனிதருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். அப்போதுகூட அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. முகத்தில் வெட்கம் மட்டும்தான் இருந்தது. இவர் போகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்கிற முகம். நோரியே அதைப் பார்த்தாள். எதற்காகக் காத்திருக்கிறான் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.

இவாகி உட்கார்ந்ததும் என்ன செய்தார் தெரியுமா? மடியில் வைத்திருந்த காகிதப் பையிலிருந்து ஒரு பெட்டியை வெளியே எடுத்தார். ஊர் நடுவில் இருக்கிற பெரிய கடையில் வாங்கிய இனிப்புப் பெட்டி. வெள்ளைத் தாள் சுற்றி, சிவப்பு முடிச்சு அச்சடித்து, ஓரத்தில் தூரிகையால் இவாகி என்று பெயரும் எழுதியிருந்தது. பையை நான்காக மடித்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்டியை இரண்டு கையாலும் திருப்பி, பெயர் எதிரில் இருப்பவர்களுக்கு நேராகத் தெரியும்படி நோரியேவின் முன்னால் நகர்த்தினார்.

"ஒண்ணும் பெரிசா இல்லீங்க, அண்ணி. ஏதோ என்னால முடிஞ்சது."

அந்த மனிதரைக் குறை சொல்லி என்ன பயன்? ஒருவரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று அவருடைய எலும்பில் ஊறியிருக்கிறது. தற்செயலாகப் பார்க்கப் போவதற்கும் சேர்த்து வாங்கிவிட்டார். பெட்டி மேஜையில் உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது அவருக்கே உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. தெய்ஜி பீர் கோப்பையைப் பார்த்தார். விலாக்கறி சடசடவென்று எரிந்துகொண்டிருந்தது.

ரியோஹே பெட்டியைப் பார்த்தான். சூட்டைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான்.

கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அப்படிப் பார்க்கவில்லை. தான்தான் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டவனைப் போலப் பார்த்தான். குடும்பமாகச் சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று நம்பி வந்தவன் அவன்.

இவாகி எப்படியோ சமாளித்துப் பேசத் தொடங்கினார். பட்டறையில் ஆளே கிடைப்பதில்லை என்றார், இந்தக் காலத்துப் பையன்கள் ஒரு மாதம்கூடத் தங்குவதில்லை என்றார், தம்பி சும்மா ஒரு நாள் வந்து பார்க்கலாமே என்றார். நிறுத்தினால் அமைதி வந்துவிடும் என்று பயந்து நிறுத்தாமல் பேசினார். ரியோஹே எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவர் மூச்சு வாங்கியபோது தலையை நன்றாகத் தாழ்த்தி, "எனக்காக இவ்வளவு தூரம் வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. என்னால உங்களுக்கு உபயோகம் இருக்காது. மன்னிச்சிருங்க" என்றான். வார்த்தைக்கு வார்த்தை மரியாதையாக இருந்தது.

பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டான். "எப்போ போன் பண்ணீங்க?"

பொய் சொல்ல நோரியேவுக்கு வாய் வரவில்லை. "நீ சரின்னு சொன்ன அன்னிக்கே" என்றாள்.

"ம்" என்றான் அவன்.

இடுக்கியை எடுத்து எரிந்த துண்டுகளை ஓரமாகத் தள்ளினான். தின்னக்கூடியதை மூன்று பேருக்கும் பங்கு வைத்தான். கடைசியில் ஒரே ஒரு துண்டு வலையில் நின்றது. யாரும் எடுக்காமல் மரியாதைக்கு விட்டுவைக்கிற அந்தக் கடைசித் துண்டுக்கு எங்கள் ஊரில் கூச்சக்கட்டி என்று கேலிப்பெயர். நீங்க எடுத்துக்கங்க, இல்லை நீங்க எடுத்துக்கங்க என்று மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துவிட்டு யாராவது ஒருவர் வாயில் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது சுருங்கிக் கறுத்துப் புகைந்தது.

கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று ரியோஹே எழுந்தான். வாசலில் கோட்டை எடுத்துப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு கதவை ஓசைப்படாமல் மூடினான். குளிரில் கோட்டைப் போட்டுக்கொள்ளாமலே போகிறானே என்று நோரியே நினைத்தாள். அவன் திரும்பி வரமாட்டான் என்று தெரிந்த பிறகும் அதைத்தான் நினைத்தாள்.

அவர்கள் சொல்லாமலே குளிர்ந்த நூடுல்ஸைக் கொண்டுவந்த கனேமோட்டோ அம்மா காலி இடத்தைப் பார்த்தாள்.

"தம்பி எங்க? கை கழுவப் போயிருக்காரா?"

முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டான் என்று தெய்ஜி சொன்னார்.

"போயிட்டாரா? சாப்பிட்டு முடிச்சு உங்க ரெண்டு பேரையும் உள்ள கூட்டிட்டு வர்றேன்னாரே." அவள் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "உங்ககிட்ட இன்னும் சொல்லலையா?"

என்ன சொல்ல வேண்டும் என்று நோரியே கேட்டாள்.

கனேமோட்டோ அம்மா முதலில் தயங்கினாள். தம்பி என் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறார் என்றாள். அப்புறம் சொல்லிவிட்டாள். விடியற்காலையில் குடல் ஏற்றிய வண்டி வரும் நேரத்தில் அவள் பின்வாசலில் உட்கார்ந்து குடல் அலசிக்கொண்டிருப்பாள். போன மாதம் ஒரு நாள் இவன் வந்து நின்றான். வலை கழுவ ஆள் வேண்டும் என்று கதவில் ஒட்டியிருந்ததே, அது என்ன மாதிரி வேலை என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். யாரோடும் பேச வேண்டியதில்லை, பின்கட்டில் வலையும் தண்ணீரும்தான் என்று அவள் சொன்னாள். மறுநாளும் வந்தான். அப்புறம் பல நாள் வந்தான். எப்படி ஊறப்போடுவது என்று அவள் ஒரு முறைதான் காட்டினாள்.

"இப்போ நீங்க சாப்பிட்டீங்களே, இந்த வலைகூட அவர் கழுவினதுதான். புதுசு மாதிரி இல்ல? அடுத்த மாசத்துலேருந்து சாயங்காலமும் வர்றேன், நாலு பேர் இருக்கிறப்ப இருந்து பழகணும்னார். வீட்டுல சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். அம்மாவே கறி சாப்பிடக் கூப்பிட்டாங்க, உங்க கடைக்கே கூட்டிட்டு வர்றேன், அன்னிக்கு நானே என் வாயால சொல்றேன், அதுவரைக்கும் தெரியாத மாதிரி இருங்கன்னார். நான் அப்படியே இருந்தேன். ஏன், நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. யாருமே ஒரு தப்பும் செய்யவில்லை. எல்லாரும் அவரவர் வாயைப் பத்திரமாகக் காப்பாற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான். நோரியேவுக்குத் தன் தலையில் தானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அந்த விடியற்காலைகளில் அவள் விழித்துத்தான் கிடந்தாள். படி முனகும்போது எழுந்து வந்து, "எங்கடா போறே, குளிருது, கோட்டுப் போட்டுட்டுப் போ" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

இவாகி எழுந்து நின்று, மேஜையில் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்தார். பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று தெரியாமல் இரண்டு முறை தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். தெய்ஜி வலையில் கரியாகிக் கிடந்த அந்தக் கடைசித் துண்டைக் குச்சியால் எடுத்து வாயில் போட்டு மென்றார். கசந்திருக்கும். மெல்ல மென்று முழுங்கினார், பிறகு வெகு நேரம் இருமினார்.

கிளம்பும்போது கனேமோட்டோ அம்மா வாய் வாடைக்கு ஆளுக்கொரு சூயிங்கம் கொடுத்தாள், தம்பிக்கும் ஒன்று சேர்த்து. "இடத்தை வேற யாருக்கும் குடுக்கமாட்டேன். நாளைக்கே வரச்சொல்லுங்க" என்றாள்.

வீட்டு வாசலில் ரியோஹேயின் செருப்பு சுவரோரமாக ஒழுங்காகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. நோரியே கோட்டைக்கூடக் கழற்றாமல் மாடி ஏறினாள். கதவுக்கு வெளியே அப்பாவின் கோட்டு பிளாஸ்டிக் பையோடு மடித்துக் கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உள்ளே அவன் இருப்பது தெரிந்தது. அவன் கறுப்புத் தலையும் வெட்கம் நிறைந்த முகமும் அடுப்பு வெளிச்சத்தில் எப்படி இருந்தன என்பது இன்னும் அவள் கண்ணிலேயே இருந்தது. இப்போது சொல்லிவிடலாம், சொன்னால் சரியாகிவிடும் என்று ஒரு நிமிஷம் நிஜமாகவே நம்பினாள்.

"ரியோஹே, கனேமோட்டோ அம்மா எல்லாம் சொன்னாங்கப்பா. அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அந்த வேலையே ரொம்ப நல்ல வேலை. இடத்தைக் காலியாவே வெச்சிருக்காங்களாம். நாளைக்கே வரச்சொன்னாங்க."

பிறகு கதவுக்கு மிகவும் பக்கத்திலிருந்து குரல் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அவனும் தரையில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

"அவங்ககிட்டயும் நீங்க பேசிட்டீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அப்படி இல்லையப்பா, அது நீயாகத் தேடிக்கொண்டது, நாங்கள் யாரும் எதுவும் செய்யவில்லை என்று. ஆனால் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த ஒரே இடத்துக்குள்ளும் அம்மாவின் கை நுழைந்துவிட்டது. இனி அவன் அங்கே போனால் அது அம்மா ஏற்பாடு செய்த வேலை.

அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்ற விஷயம் மட்டும் மிச்சமிருந்தது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கீழே அந்த மனிதர் இருமுவது அவளுக்கும் கேட்டது, அவனுக்கும் கேட்டிருக்கும். இப்போது அதைச் சொன்னால் என்ன நினைப்பான் என்று நோரியேவுக்குத் தெரிந்துவிட்டது. தன்னை வெளியே இழுக்க இன்னொரு ஏற்பாடு என்று நினைப்பான். இருமலும் ஏற்பாடு, டாக்டரும் ஏற்பாடு. நிஜத்தைக்கூடச் சொல்ல முடியாதபடி அவள் தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொண்டாள்.

சூயிங்கத்தைக் கதவுக்குக் கீழே இருந்த இடைவெளிக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. கோட்டை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

தெய்ஜி சாப்பாட்டு மேஜையில் இனிப்புப் பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவாகி கடைசியில் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே இல்லை.

"சொன்னியா?" என்று கேட்டார்.

"சொல்லல."

அவர் தலையாட்டினார். அவள் நாளைக் காலைக்கு அரிசி கழுவப் போனாள், மூன்று பேருக்கு.